பி.எட். படிப்பில் சமத்துவத்துக்கு எத்தனை மார்க்?

"எஸ்.சி. ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வாங்கவேண்டிய பசங்க மட்டும் எந்திரிங்க. மத்தவங்க உட்காருங்க."

தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்த பலருக்கும் இந்த வாக்கியம் புதிதல்ல. இதைச் சொல்லும் ஆசிரியர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. மதியத்துக்குள் பட்டியல் ஹெச்.எம். ரூமுக்குப் போயாக வேண்டும், இன்னும் இரண்டு பீரியட் பாக்கி, வகுப்பில் நாற்பது பேர். வேலை சீக்கிரம் முடியணும், அவ்வளவுதான். ஆனால் அந்த அரை நிமிடத்தில் யார் என்ன சாதி என்பது வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடுகிறது. ஆசிரியர் அதைச் சொல்ல நினைக்கவில்லை, சொல்லிவிட்டார்.

இதனால் மாணவருக்கு என்ன ஆகும்? "கொஞ்சம் சங்கடப்படுவான், மறந்துடுவான்" என்பதுதான் பொதுவான பதில். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதை அனுமானத்துக்கு விடாமல் சோதித்துப் பார்த்தார்கள். உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 6, 7-ம் வகுப்பு படிக்கும் பையன்களை அழைத்து, காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சரியாக முடித்தால் காசு. யார் என்ன சாதி என்று அறிவிக்காதபோது, உயர்சாதிப் பையன்களும் ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குப் புதிர்களை முடித்தார்கள். இன்னொரு குழுவில், தொடங்கும் முன் ஒவ்வொருவரின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் எல்லோர் முன்பும் வாசித்தார்கள். புதிர் அதேதான், பரிசும் அதேதான். ஆனால் ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. இல்லாத இடைவெளி ஒரு அறிவிப்பால் உருவானது.

அதாவது, "எந்திரிங்க" என்ற சொல்லுக்கு ஒரு விலை இருக்கிறது, அது மதிப்பெண்ணில் தெரியலாம். இந்த ஆய்வு வெளிவந்து சுமார் 20 ஆண்டுகள் ஆகின்றன. பி.எட். படிக்கும் எத்தனை பேர் காதில் இது விழுந்திருக்கும்?

கயிறு தெரிந்தது, பாடத்திட்டம் தெரியவில்லை

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் 12-ம் வகுப்பு தலித் மாணவர் ஒருவர், உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அதைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூன் 18 அன்று 600 பக்கத்துக்கும் மேலான அறிக்கை முதல்வரிடம் போனது.

அதன் பிறகு டி.வி. விவாதங்களில் என்ன ஓடியது என்பது நினைவிருக்கும். கையில் கட்டும் வண்ணக் கயிறு, நெற்றியில் வைக்கும் பொட்டு. இரண்டு வாரம் அதிலேயே போனது. அறிக்கையில் இன்னும் சில விஷயங்கள் இருந்தன. வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது. உதவித்தொகை விவரத்தை வகுப்பில் கூவாமல் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகச் சொல்ல வேண்டும். மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். ஒரு பகுதியில் எந்தச் சாதி ஆதிக்கமாக இருக்கிறதோ, அந்தச் சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராகவோ கல்வி அலுவலராகவோ போடக் கூடாது. ஆசிரியர்களைத் தேர்வு செய்யும்போது சமூகநீதி குறித்த அவர்களின் மனப்பான்மையையும் கவனிக்க வேண்டும். ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும்.

இதில் கடைசி வரிதான் மிகக் குறைவாகப் பேசப்பட்டது. ஏன் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. கயிறைப் படம் பிடிக்கலாம், பாடத்திட்டத்தைப் பிடிக்க முடியாது. ஆனால் மற்ற எல்லாப் பரிந்துரைகளையும் நடைமுறையில் செய்யப்போவது வகுப்பில் நிற்கும் ஆசிரியர்தான். அவர் எங்கே, எப்படித் தயாராகிறார் என்று கேட்காமல் சுற்றறிக்கை மட்டும் அனுப்பினால், அது நோட்டீஸ் போர்டோடு நின்றுவிடும்.

பி.எட்.டில் இப்போது என்ன இருக்கிறது?

ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. தேசிய ஆசிரியர் கல்விக் கழகமான என்.சி.டி.இ. 2014-ல் விதிகளை மாற்றி, 2015 முதல் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டுகளாக்கியது. பள்ளியில் நேரடிப் பயிற்சியும் 20 வாரமாக உயர்ந்தது. புதிய கட்டமைப்பில் "பாலினம், பள்ளி, சமூகம்" என்று ஒரு பாடம், "உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குதல்" என்று இன்னொன்று, "சமகால இந்தியாவும் கல்வியும்" என்று மற்றொன்று. முதல் இரண்டும் அரைப் பாடங்கள், அதாவது முழுத் தாளில் பாதி மதிப்பு. காகிதத்தில் பார்த்தால் மோசமில்லை.

பிரச்சினை இந்தப் பாடங்கள் எங்கே முடிகின்றன என்பதில்தான். 'சமத்துவம் என்றால் என்ன? விளக்குக' என்ற பத்து மதிப்பெண் கேள்வியோடு அவை முடிந்துவிடுகின்றன. அடுத்து அதே மாணவர் டீச்சிங் பிராக்டிஸுக்குப் போகிறார். லெசன் பிளான் எழுதியாயிற்றா, சார்ட் வரைந்தாயிற்றா, கரும்பலகையைச் சரியாகப் பயன்படுத்தினாரா, குரல் கடைசி பெஞ்ச் வரை கேட்டதா என்றுதான் மேற்பார்வையாளர் பார்ப்பார். பிறகு ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து. அந்த 45 நிமிடத்தில் பயிற்சி ஆசிரியர் யாரிடம் கேள்வி கேட்டார், யாரை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை, தப்பான பதில் சொன்ன இரண்டு பேரில் யாரிடம் "பரவாயில்லை, யோசிச்சு சொல்லு" என்றார், யாரிடம் "உட்காரு" என்றார் என்பதற்கு ரெக்கார்டில் கட்டம் கிடையாது.

இதைவிட அடிப்படையான சிக்கலும் உண்டு. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012-ல் ஆசிரியர் கல்வியை ஆராய்ந்தது. அதை மேற்கோள் காட்டித்தான் தேசியக் கல்விக் கொள்கை 2020, நாட்டில் தனித்து இயங்கும் 10,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் பெரும்பாலானவை உருப்படியாகக் கற்பிக்க முயல்வதுகூட இல்லை, பட்டத்தை விலைக்கு விற்கின்றன என்று சொல்கிறது. அரசின் சொந்தக் கொள்கை ஆவணமே இப்படிச் சொல்வது சாதாரண விஷயமில்லை. காலேஜுக்கே வராமல் பட்டம் வாங்க முடிகிற இடத்தில், சமத்துவத்துக்கு அரைப் பாடமா முழுப் பாடமா என்ற விவாதமே கொஞ்சம் வேடிக்கைதான்.

அமெரிக்கர்கள் தடுக்கி விழுந்த இடம்

ஆசிரியர் கல்வியில் சமத்துவம் என்ற தலைப்பில் அதிகமாக ஆய்வு நடந்திருப்பது அமெரிக்காவில். அங்கே பிரச்சினை இனம், இங்கே சாதி. இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் அவர்கள் செய்த தப்புகளைத் தெரிந்துகொண்டால், அதே பள்ளத்தில் இங்கேயும் விழாமல் இருக்கலாம்.

முதல் பெயர் குளோரியா லேட்சன்-பில்லிங்ஸ். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கறுப்பினப் பெண்மணி. "கறுப்பினக் குழந்தைகள் ஏன் பின்தங்குகிறார்கள், அவர்களிடம் என்ன குறை?" என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: இந்தக் குழந்தைகள் நன்றாகப் படிக்கும் வகுப்புகளும் இருக்கின்றனவே, அங்கே ஆசிரியர் என்ன செய்கிறார்? எட்டு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்து நெருக்கமாகக் கவனித்தார். ஐந்து பேர் கறுப்பினத்தவர், மூன்று பேர் வெள்ளையர். கற்பிக்கும் பாணியில் ஒருவர் ரொம்பக் கண்டிப்பு, இன்னொருவர் சுதந்திரம் கொடுப்பவர். ஆனால் எல்லோரிடமும் சில விஷயங்கள் பொதுவாக இருந்தன. இந்தக் குழந்தைகளால் கடினமான பாடத்தையும் கற்க முடியும் என்று நம்பினார்கள், அந்த எதிர்பார்ப்பைக் குறைக்கவே இல்லை. குழந்தையின் வீட்டு மொழியையும் வாழ்க்கையையும் குறையாகப் பார்க்காமல், பாடத்துக்குள் நுழையும் வாசலாகப் பயன்படுத்தினார்கள். 1994-ல் இது புத்தகமாக வந்தது.

2006-ல் அமெரிக்கக் கல்வி ஆய்வுச் சங்கத்தின் தலைவராகப் பேசும்போது அவர் இன்னொரு சொல்லை மாற்றினார். கறுப்பின, வெள்ளை மாணவர்களின் மதிப்பெண் வித்தியாசத்தை அங்கே 'இடைவெளி' என்பார்கள். அவர் அதைக் 'கடன்' என்றார். பல தலைமுறைகளாகக் கொடுக்காமல் விட்டதெல்லாம் சேர்ந்து நிற்கும் கடன் அது, குழந்தையின் குறை அல்ல என்பது வாதம். "முதல் தலைமுறைப் பட்டதாரி" என்று பெருமையாகச் சொல்லும் தமிழ்நாட்டுக்கு இது எளிதில் புரியும். ஒருவர் முதல் தலைமுறை என்றால், அதற்கு முந்தைய தலைமுறைகளை உள்ளே விடாமல் யாரோ கதவை மூடி வைத்திருந்தார்கள் என்றுதானே அர்த்தம்.

தடுக்கி விழுந்த இடம் எது? கிறிஸ்டின் ஸ்லீட்டர் என்ற ஆய்வாளர் 2001-ல் இந்தத் துறையில் வந்த ஆய்வுகளை மொத்தமாக எடுத்துப் பரிசீலித்தார். பெரும்பாலான ஆய்வுகள் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன: பயிற்சியில் இருக்கும் வெள்ளையின இளைஞர்களின் மனப்பான்மை மாறியதா, இல்லையா? ஒரு பாடம் எடுப்பார்கள், முன்னும் பின்னும் ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். அவர்கள் பிற்பாடு நல்ல ஆசிரியர் ஆனார்களா, அவர்களிடம் படித்த குழந்தைகள் கற்றார்களா என்பதைத் தொடர்ந்து பார்த்தவை மிகக் குறைவு.

லிசா டெல்பிட் சொன்ன எச்சரிக்கை இன்னொரு வகை. 1980-களின் பிற்பகுதியில் அவர் எழுதியதன் சாரம் இது: ஏழைக் குழந்தையின் வீட்டு மொழியை மதிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அதிகாரத்தில் இருப்பவர்கள் பயன்படுத்தும் மொழியையும் எழுத்தையும் நேரடியாகக் கற்றுத்தராமல் விட்டால், அது மரியாதை அல்ல, இன்னொரு வகைப் புறக்கணிப்பு. 'பாவம், இவனால் இவ்வளவுதான் முடியும்' என்று எளிய கேள்வியை மட்டும் கொடுக்கும் இரக்கமுள்ள ஆசிரியர்கள் இங்கேயும் ஏராளம். அந்த இரக்கம் பிளஸ் டூ முடிந்ததும் குழந்தையைக் கைவிட்டுவிடும்.

நம்ம ஆளு டீச்சரா இருந்தா போதுமா?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து நிறைய பேர் ஆசிரியரானால் பிரச்சினை தீரும் என்பது ஒரு பலமான வாதம். ஆதாரமும் உண்டு. அமெரிக்காவில் சேத் கெர்ஷென்சன் குழுவினர், 1980-களில் டென்னசி மாநிலத்தில் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் வகுப்புகளுக்குப் பிரித்த ஒரு பெரிய பரிசோதனையின் தரவுகளை எடுத்துப் பின்தொடர்ந்தார்கள். 3-ம் வகுப்பு முடிவதற்குள் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியராவது கிடைத்த கறுப்பினக் குழந்தைகள், கிடைக்காதவர்களைவிடப் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு 13 சதவீதமும், கல்லூரியில் சேரும் வாய்ப்பு 19 சதவீதமும் அதிகம். அதே குழுவினரின் இன்னொரு ஆய்வில், ஒரே மாணவரைப் பற்றி இரண்டு ஆசிரியர்களிடம் "இவர் எவ்வளவு தூரம் படிப்பார்?" என்று கேட்ட விவரங்கள் ஆராயப்பட்டன. கறுப்பின மாணவரைப் பொறுத்தவரை, கறுப்பினத்தவரல்லாத ஆசிரியரின் எதிர்பார்ப்பு குறைவாகவே இருந்தது.

இந்தியாவிலும், ஆந்திரத்தில் கார்த்திக் முரளிதரனும் கேதகி ஷேத்தும் செய்த ஆய்வில், ஆசிரியை கற்பிக்கும் வகுப்புகளில் மாணவிகளின் கற்றல் கொஞ்சம் மேம்பட்டது. பையன்களுக்கு அதனால் நஷ்டம் எதுவும் இல்லை.

சரி, அப்போ முடிந்ததா? இல்லை.

ரீமா ஹன்னா, லீ லிண்டன் இருவரும் இந்தியாவில் செய்த ஒரு பரிசோதனை 2012-ல் வெளியானது. மாணவர்களுக்கு ஒரு பரிசுத் தேர்வு நடத்தினார்கள். விடைத்தாள்களின் முகப்புப் பக்கத்தில் வயது, பாலினம், சாதி ஆகியவற்றைக் குலுக்கல் முறையில் இஷ்டத்துக்கு எழுதி, ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். 'கீழ்சாதி' என்று குறிக்கப்பட்ட தாள்களுக்கு மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது. இதில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இருக்காது. ஆச்சரியம் அடுத்தது: அந்தக் குறைப்பைச் செய்தவர்களில் முதன்மையானவர்கள் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த திருத்துநர்கள்தான். அந்தப் பரிசோதனையில் உயர்சாதித் திருத்துநர்களிடம் அப்படியொரு பாகுபாடு தென்படவில்லை. திருத்தத் தொடங்கிய முதல் சில தாள்களில்தான் இது அதிகம் என்பதும் கவனிக்கத்தக்கது. எப்படித் திருத்துவது என்று இன்னும் பிடிபடாத நேரத்தில், முகப்பில் இருக்கும் தகவல் கையைப் பிடித்து இழுக்கிறது.

இதை வைத்து 'பார்த்தீர்களா, பாகுபாடு காட்டுவது அவர்களேதான்' என்று வாட்ஸ்அப்பில் கிளம்புவதற்கு வாய்ப்பிருக்கிறது. ஒரு பரிசோதனை, ஒரு ஊர், சிறிய வித்தியாசம். அது அவ்வளவு பெரிய முடிவைத் தாங்காது. அது சொல்வது வேறு: சமூகம் ஒரு குழந்தையைப் பற்றி என்ன நினைக்கிறதோ, அதை எல்லோரும் உள்வாங்குகிறார்கள், பாதிக்கப்பட்டவர்கள் உட்பட. 69 சதவீத இட ஒதுக்கீட்டால் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் ஸ்டாஃப் ரூம் வடமாநிலங்களைவிடப் பரவலான சமூகங்களைக் கொண்டதாகவே இருக்கிறது. அது பெரிய சாதனை, யாரும் மறுக்க முடியாது. ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் யாருக்கும் பயிற்சியே வேண்டாம் என்று அதற்கு அர்த்தமில்லை. தனியார் பள்ளிகளில் அந்த ஒதுக்கீடும் கிடையாது.

ஹன்னா-லிண்டன் ஆய்வுக்கு ஒரு தீர்வு தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது என்பது சுவாரசியமானது. பிளஸ் டூ பொதுத்தேர்வில் விடைத்தாளைத் திருத்துபவருக்கு மாணவரின் பெயரும் தெரியாது, பள்ளியும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பாடத்திலும் அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண் உண்டு. அதைப் போடுபவருக்கு மாணவரின் பெயர், தெரு, அப்பா என்ன வேலை என்பதுவரை எல்லாம் தெரியும். மருத்துவம் தவிர மற்ற பெரும்பாலான படிப்புகளுக்கு கட்-ஆஃப் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் என்னும்போது, அந்த 10-ஐ எந்த அளவுகோலில் போடுவது என்று பி.எட்.டில் கற்றுத்தர வேண்டாமா? வழக்கமான தேர்வுகளுக்கும் முதல் ஐந்து தாளைத் திருத்திவிட்டு, கடைசியில் அவற்றைத் திரும்பவும் ஒருமுறை பார் என்று சொல்லித்தர ஒரு வகுப்பு போதும்.

"எல்லாத்துக்கும் டீச்சர்தான் கிடைச்சாங்களா?"

ஆசிரியர்கள் தரப்பிலிருந்து வரும் கோபம் நியாயமானது. எமிஸ் ஆப்பில் தினமும் தகவல் ஏற்ற வேண்டும், தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை. அரசுப் பள்ளிகளிலேயே தொகுப்பூதியத்தில் பகுதிநேர ஆசிரியர்கள். தனியார் பள்ளியில் பி.எட். முடித்துவிட்டு, டெலிவரி வேலையில் கிடைப்பதைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் போகிறவர்கள் பலர். ஊரில் சாதிச் சங்கம் கொடி நட்டு, கட்சிகள் சாதி பார்த்து சீட் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, வகுப்பில் மட்டும் ஆசிரியர் சாதியை ஒழிக்க வேண்டுமா? கேட்கத்தான் செய்வார்கள்.

ஆனால் இங்கே பேசப்படுவது கூடுதல் வேலை அல்ல. கேள்வி கேட்பதும், திருத்துவதும், பட்டியல் வாசிப்பதும் ஆசிரியர் எப்படியும் செய்கிற வேலைகள். அவற்றை எப்படிச் செய்வது என்பதுதான் விஷயம்.

அதனால்தான் சந்துரு அறிக்கையில் சொல்லப்பட்ட, ஆசிரியர் தேர்வின்போது மனப்பான்மையைக் கவனிக்கும் யோசனை நோக்கத்தில் சரியாக இருந்தாலும் நடைமுறையில் பலவீனமானது. ஆசிரியர் தகுதித் தேர்வு 150 கொள்குறி வினாக்களைக் கொண்டது. அதில் 'சாதி பார்ப்பது சரியா?' என்று கேட்டால் எல்லோரும் சரியான கட்டத்தைத்தான் நிரப்புவார்கள். கோச்சிங் சென்டர்கள் அதற்கும் கைடு போட்டுவிடும். ஸ்லீட்டர் சுட்டிக்காட்டிய அதே குழி. மனதை அளக்க ஆசைப்படுவதைவிட, செயலைக் கவனிப்பது மலிவும் நேர்மையும்.

டீச்சிங் பிராக்டிஸ் கவனிப்புத் தாளில் வகுப்பின் இருக்கை வரைபடம் ஒன்று இருக்கட்டும். பயிற்சி ஆசிரியர் யாரிடமெல்லாம் கேள்வி கேட்டார் என்று சக பயிற்சியாளர் அதில் புள்ளி வைக்கட்டும். 45 நிமிடம் கழித்து அந்தத் தாளைப் பார்த்தால் முன்வரிசை முழுக்கப் புள்ளியாகவும் ஜன்னலோரம் வெறுமையாகவும் இருக்கலாம். அதை வைத்து யாரையும் சாதி வெறியர் என்று சொல்ல வேண்டியதில்லை. "ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டால் போதும். அதற்கு மார்க் போட வேண்டும் என்பது முக்கியம். மார்க் இல்லாத எதையும் பி.எட். மாணவர் சீரியஸாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இதையெல்லாம் செய்வதற்கு இதைவிட நல்ல நேரம் சமீபத்தில் வந்ததில்லை. தேசியக் கல்விக் கொள்கை, 2030-க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட். படிப்பையே அடிப்படைத் தகுதியாக்க விரும்புகிறது. முதுகலை முடித்தவர்களுக்கும் நான்காண்டு இளங்கலை முடித்தவர்களுக்கும் ஓராண்டு பி.எட். என்ற வழியையும் திறந்துவிடுகிறது. அந்தக் கொள்கையை ஏற்காத தமிழ்நாடு, 2025 ஆகஸ்டில் தனக்கென்று மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. எந்தப் பக்கம் போனாலும் ஆசிரியர் கல்விப் பாடத்திட்டம் மறுபடி எழுதப்பட வேண்டும். சென்னையில் இருக்கும் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம்தான் மாநிலத்தின் பி.எட். கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் வகுக்கிறது. கவனிப்புத் தாளில் ஒரு வரைபடம் சேர்க்க அதற்கு டெல்லியின் அனுமதி தேவைப்படாது.

இரண்டு ஆண்டுப் படிப்பு ஓராண்டாகச் சுருங்கினால் எதை வெட்டுவார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கற்பித்தல் முறைப் பாடங்களில் கைவைக்க மாட்டார்கள், ரெக்கார்டு நோட்டும் இருக்கும். மிஞ்சுவது அந்த அரைப் பாடங்கள்தான்.